ஏழாம் அத்தியாயம்: வீட்டிலிருந்து கடைக் கணினி திறக்காதபோது

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு. இன்னைக்குக் கனெக்ட் ஆகமாட்டேங்குது." புகார்கள் பெரும்பாலும் இந்த வரியோடுதான் வருகின்றன. சொல்பவர் மெர்லிமாவில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக் கம்பெனியின் கணக்கராக இருக்கலாம். மஸ்ஜித் தானாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவராக இருக்கலாம். சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டு, ஜாசினில் உள்ள அப்பாவின் மளிகைக் கடைக் கணக்கை ராத்திரியில் பார்த்துக் கொடுக்கும் மகளாகவும் இருக்கலாம். கணக்கு மென்பொருள் ஆட்டோகவுன்ட்டோ எஸ்கியூஎல் அக்கவுன்ட்டோ, எதுவானாலும் பல கடைகளில் அது ஒரே ஒரு கணினிக்குள்தான் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்த பிறகு, கடை மூடியபின் வீட்டிலிருந்தே அந்தக் கணினியைத் திறக்க வேண்டிய தேவை சின்னக் கடைகளுக்கும் வந்துவிட்டது. விண்டோஸில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப் அதற்குப் போதும். பாதி நேரம் தகராறு செய்வது அதுவல்ல, நடுவில் இருக்கும் ரௌட்டரும் அதற்கு மேலே இருக்கும் இணைய நிறுவனமும்தான்.

இணைப்பு வரவில்லையென்றால் கை முதலில் ரௌட்டரின் சுவிட்சுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் யூனிஃபை போன்ற இணைப்புகளில் ரௌட்டர் மறுபடி எழும்போது வெளி ஐபி முகவரி மாறிவிடக்கூடும். அப்போது ஒரு கோளாறு இருந்த இடத்தில் இரண்டு ஆகிவிடும், முதலாவது எது என்றும் தெரியாமல் போகும். திரையில் வந்த செய்தியைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு வேலையை ஆரம்பியுங்கள்.

தேடும் திசை முக்கியம். உள்ளே இருந்து வெளியே போக வேண்டும்: முதலில் கணினி, அடுத்து கடைக்குள் இருக்கும் வைஃபை, அடுத்து ரௌட்டர், கடைசியாக இணைய நிறுவனம். வெளியிலிருந்து ஆரம்பிப்பவர்கள் ரௌட்டரில் பத்து அமைப்புகளை மாற்றி முடித்த பிறகு, கணினி தூங்கிக்கொண்டிருந்தது என்று கண்டுபிடிப்பார்கள்.

கணினி விழித்திருக்கிறதா?

கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் கடைகளில் ஊறிப்போன பழக்கம். தீ விபத்துக்குப் பயந்து செய்வது, தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் கணினியும் ரௌட்டரும் ஃபைபர் பெட்டியும் அதே வரிசையில் மாட்டியிருந்தால், ராத்திரி ஒன்பது மணிக்கு எந்த ரிமோட்டும் வேலை செய்யாது. இந்த மூன்றுக்கும் தனியாக ஒரு பிளக் ஒதுக்கி, "அணைக்காதீர்கள்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். கடையைக் கூட்டித் துடைப்பவர் எந்த மொழி படிப்பார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, விண்டோஸின் பவர் அமைப்பில் கணினி தானாகத் தூங்கும் நேரத்தை "ஒருபோதும் இல்லை" என்று வையுங்கள். திரை அணைந்தால் பரவாயில்லை, கணினி தூங்கக் கூடாது. மின்சாரம் போய் வந்தால் தானாக எழும் வசதி பெரும்பாலான கணினிகளின் பயாஸில் உண்டு. மலாக்காவில் மாலை மழைக்கு மின்சாரம் ஒரு கண் சிமிட்டினாலும் அது கைகொடுக்கும்.

பிறகு விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஹோம் பதிப்பு இன்னொரு கணினியைத் திறக்கும், ஆனால் தன்னைத் திறக்க விடாது. அதற்கு புரோ பதிப்பு வேண்டும். லோயாட் பிளாசாவிலோ உள்ளூர்க் கடையிலோ மலிவு விலைக்கு வாங்கிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஹோம்தான் இருக்கும். அமைப்புகளில் சிஸ்டம் பகுதிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் என்ற பக்கத்தைத் திறந்தால், உங்கள் பதிப்பு இதற்கு இடம் தராது என்று அதுவே சொல்லிவிடும். அப்படியென்றால் இந்த அத்தியாயத்தில் மீதியைப் படித்துப் பயனில்லை. புரோவுக்கு மாறுங்கள், அல்லது குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற வேறு வழியைப் பாருங்கள்.

"உங்கள் விவரங்கள் சரியில்லை" என்று செய்தி வந்தால் சந்தோஷப்படுங்கள். ரௌட்டர், இணையம், தடுப்புச்சுவர் எல்லாவற்றையும் தாண்டி நீங்கள் கணினியின் வாசல் வரை வந்துவிட்டீர்கள் என்பதற்கு அது சாட்சி. பிரச்சினை பெயரிலோ கடவுச்சொல்லிலோ மட்டும். இதில் அடிக்கடி நடப்பது இது: கடையில் தினமும் நாலு இலக்க பின் போட்டுத் திறப்பார்கள், அதையே ரிமோட்டிலும் போடுவார்கள். பின் அந்தக் கணினிக்கு மட்டும் உரியது, ரிமோட்டில் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழு மின்னஞ்சலும் அதன் கடவுச்சொல்லும் வேண்டும். அந்தக் கணினியில் அந்தக் கடவுச்சொல்லை ஒருமுறைகூடத் தட்டியதில்லையென்றால், அதையும் விண்டோஸ் ஏற்காமல் போகலாம். கடைக்குப் போய் பின்னுக்குப் பதில் கடவுச்சொல்லால் ஒரு தடவை உள்ளே நுழைந்துவிட்டு வந்தால் தீரும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கு வைத்திருப்பவர்களை ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே விடாது, விடவும் கூடாது.

கடைக்குள்ளேயே ஒரு சோதனை

அதே வைஃபையில் இன்னொரு மடிக்கணினியை இணைத்து, கடைக் கணினியின் உள் முகவரியைப் போட்டுத் திறந்து பாருங்கள். விருந்தினர் வைஃபையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அது மற்ற கருவிகளைப் பார்க்க விடாமல் பிரித்து வைக்கும், நல்ல கணினியும் கெட்டதாகத் தெரியும்.

நேரில் போக முடியாதென்றால், கடையில் இருப்பவரை அழைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டியதுதான். உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"அக்கா, கம்ப்யூட்டர்ல கறுப்புப் பெட்டி ஒன்னு தொறந்தோம்ல, அதுல ஐபிகான்ஃபிக்னு அடிங்க."

"அடிச்சிட்டேன் தம்பி. என்னென்னமோ நம்பரா வருது."

"ஐபிவி4னு ஒரு வரி இருக்கும். அதை மட்டும் படிங்க."

"நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு, நூத்தி அறுபத்தெட்டு, சைபர், நூத்தி அஞ்சு."

நீங்கள் எழுதி வைத்திருப்பது 192.168.0.102. கோளாறு அவ்வளவுதான். ரௌட்டர் முகவரிகளை நிரந்தரமாகக் கொடுப்பதில்லை, கொஞ்ச காலத்துக்கு வாடகைக்கு விடுகிறது. கடையில் புதிதாக ஒரு பிரிண்டர் வந்தாலோ, நாலு பேர் கைப்பேசியை வைஃபையில் மாட்டினாலோ, பழைய எண் இன்னொருவருக்குப் போய்விடலாம். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி என்ற இடத்துக்குள் போய், கடைக் கணினியின் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது. கணினியை வைஃபையில் விடாமல் கேபிளில் மாட்டுவது இன்னும் நல்லது. கேபிளுக்கும் வைஃபைக்கும் மேக் முகவரி வேறு வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

உள் முகவரி சரியாக இருந்தும் திறக்கவில்லையென்றால், பவர்ஷெல்லில் "டெஸ்ட்-நெட்கனெக்ஷன்" கட்டளையை அந்த முகவரியோடும் 3389 என்ற போர்ட்டோடும் ஓட்டுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாகக் காது கொடுக்கும் கதவு எண் 3389. கடைசி வரியில் "ட்ரூ" என்று வந்தால் கதவு திறந்திருக்கிறது. "ஃபால்ஸ்" என்றால் பெரும்பாலும் தடுப்புச்சுவர்தான்: விண்டோஸின் சொந்தச் சுவராக இருக்கலாம், காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் போட்ட இரண்டாவது சுவராகவும் இருக்கலாம். இந்த நெட்வொர்க்கைப் "பொது" என்று விண்டோஸ் குறித்து வைத்திருந்தால் "தனியார்" என்று மாற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

கடைக்குள் திறந்துவிட்டது என்றால் கணினி குற்றமற்றது. இனி அதைத் தொடாதீர்கள்.

ரௌட்டர் செய்யும் வேலை

பழைய தோட்டங்களில் தபால் வந்த விதத்தை நினைத்துக்கொண்டால் ரௌட்டர் புரிந்துவிடும். உறையில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கும். ஆபீஸில் கிராணி வாங்கி, எந்த லயத்தில் எந்த வீடு என்று பார்த்துக் கொடுத்தனுப்புவார். வெளியுலகத்துக்குத் தெரிந்தது ஒரே முகவரி. ரௌட்டரும் அப்படித்தான், கடைக்குள் இருபது கருவிகள் இருந்தாலும் வெளியே ஒரே ஐபி. நீங்கள் உள்ளிருந்து கேட்டதற்குப் பதில் வந்தால் யாருக்குக் கொடுப்பது என்று அதற்குத் தெரியும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வருவதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாது, கீழே போட்டுவிடும். வீட்டிலிருந்து நீங்கள் அனுப்பும் ரிமோட் டெஸ்க்டாப் அழைப்பு இந்த இரண்டாவது வகை. "இந்தக் கதவு எண்ணுக்கு வருவதை இந்தக் கணினிக்குக் கொடு" என்று ரௌட்டரிடம் எழுதி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

அதை எழுதுவதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. பலர் இதைச் செய்யாமல் நாட்களை வீணாக்குகிறார்கள். ரௌட்டரின் பக்கத்தில் வேன் ஐபி என்று ஓர் எண் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்துகொண்டு "என் ஐபி என்ன" என்று காட்டும் இணையதளம் ஒன்றைத் திறந்து, அங்கே வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றே என்றால் உங்களுக்குச் சொந்த வெளி முகவரி இருக்கிறது. வேறு வேறு என்றால், ரௌட்டரில் எதை எழுதினாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு அதை எட்டவே எட்டாது.

வேறாக இருப்பதிலும் இரண்டு வகை உண்டு. வேன் ஐபி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், அல்லது 172.16 முதல் 172.31 வரைக்குள் இருந்தால், உங்கள் ரௌட்டருக்கு முன்னால் இன்னொரு ரௌட்டர் இருக்கிறது. 1996இல் வந்த ஓர் இணையத் தரம் இந்த எண்களை உள் வலைகளுக்கென்றே ஒதுக்கியது. நம் ஊரில் இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியிலேயே ரௌட்டர் இருக்கும், வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்று கடைக்காரர் ஷாப்பியில் ஒரு மெஷ் வாங்கி அதன் பின்னால் மாட்டியிருப்பார். இரண்டு கிராணிகள், இரண்டு தபால் பைகள். மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள்; வைஃபை அப்படியே இருக்கும், இரண்டாவது கிராணி மட்டும் வேலையை விட்டுப் போய்விடுவார்.

வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் விஷயம் வேறு. இந்தத் தொகுதி 2012இல் இணைய நிறுவனங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஐபிவி4 எண்கள் போதாததால், ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் முறை இது, சிஜிநாட் என்பார்கள். இங்கே பூட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

தோட்டப்புறத்தின் தனிப் பிரச்சினை

மலாயாவில் வணிக முறையில் ரப்பர் முதலில் நடப்பட்டது மலாக்காவில்தான். டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் விரித்தார். அந்தத் தோட்டங்கள் அமைந்த விதம் இன்றும் இணையத்தைப் பாதிக்கிறது. பெரிய சாலையிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போய், செம்பனைக்கு நடுவே பத்துப் பதினைந்து வீடுகள். அவ்வளவு குறைவான பேருக்காக ஃபைபர் இழுப்பது நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. 2010 மார்ச்சில் யூனிஃபை வந்தபோது நகரங்களில் நடந்த மாற்றம் இத்தகைய இடங்களை உடனே தொடவில்லை. அதனால் இங்கே பலருடைய "வீட்டு இணையம்" என்பது சிம் கார்டு போட்ட 4ஜி அல்லது 5ஜி ரௌட்டர்தான். 2023 ஜூலையில் இருந்து ஸ்டார்லிங்க் தட்டும் வாங்கலாம். சிம் கார்டு ரௌட்டர்கள் பெரும்பாலும் சிஜிநாட்டுக்குள்தான் இருக்கும், ஸ்டார்லிங்கின் சாதாரண வீட்டுத் திட்டமும் அப்படியே. போர்ட் ஃபார்வர்டிங் காணொளிகளைப் பார்த்து எத்தனை முறை செய்தாலும் இவற்றில் வராது.

தோட்டத்து வீட்டிலிருந்து டவுனில் உள்ள கடையைத் திறப்பதற்கு இது தடையல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழைப்பவர் சிஜிநாட்டுக்குள் இருக்கலாம், அழைக்கப்படுபவர்தான் இருக்கக் கூடாது. கடை அலோர் காஜாவில் ஃபைபரில் இருந்து, நீங்கள் தெபோங் பக்கத்தில் சிம் கார்டில் இருந்தால் ஒன்றும் பாதகமில்லை. ஆபீஸ் தோட்டத்துக்குள்ளே சிம் கார்டில் இருந்து, நீங்கள் ஆயர் குரோவில் இருந்தால்தான் சிக்கல்.

கேட்டால் கிடைக்குமா என்று இணைய நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். வியாபாரத் திட்டங்களில் நிலையான ஐபி தனிக் கட்டணத்துக்குக் கிடைப்பதுண்டு. என்னைக் கேட்டால் அந்தச் செலவுக்கு முன் டெயில்ஸ்கேலை முயன்று பார்க்கச் சொல்வேன். இரண்டு கணினியிலும் அதை நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், இரண்டும் உள்ளிருந்து வெளியே பேசி நடுவில் சந்தித்துக்கொள்ளும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் அழைப்பு என்று எதுவும் இல்லை, ஆகவே ரௌட்டரில் எதையும் திறக்க வேண்டாம். சொந்தப் பயனுக்கு இலவசத் திட்டம் உண்டு. கடைக்குப் பயன்படுத்தும் முன் விதிமுறையைப் படித்துவிடுங்கள். ஒரு குழப்பத்துக்கு மட்டும் தயாராக இருங்கள்: டெயில்ஸ்கேல் கொடுக்கும் எண்ணும் 100இல்தான் தொடங்கும், அதே தொகுதியிலிருந்துதான் எடுக்கிறது. அதைப் பார்த்து சிஜிநாட் என்று பயப்பட வேண்டாம். ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்த எண்ணையே போடுங்கள்.

3389ஐ உலகத்துக்குத் திறப்பது பற்றி

சொந்த வெளி முகவரி இருக்கிறது, போர்ட் ஃபார்வர்டிங் தெரியும், நேராக 3389ஐத் திறந்துவிடலாமா? வேண்டாம். இது இந்தப் புத்தகத்தில் நான் விட்டுக்கொடுக்காத ஒரு சில இடங்களில் ஒன்று.

இணையம் முழுவதையும் இரவு பகலாகத் துழாவி, 3389 திறந்திருக்கும் இடங்களைக் கண்டுபிடித்து, கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு உங்கள் கடை எது என்று தெரிய வேண்டியதில்லை. 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, கடவுச்சொல்லே இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைய முடியும் என்ற நிலை. ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அந்த விண்டோஸ் இன்னும் கடையில் ஓடுகிறதென்றால் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

"3389ஐ விட்டுவிட்டு வெளியே 50123 என்று வேறு எண் வைத்தால்?" தட்டுபவர்கள் குறைவார்கள், நிற்க மாட்டார்கள். அதைப் பாதுகாப்பு என்று நினைத்துத் தூங்காதீர்கள்.

திறந்துவிட்ட கதவின் விளைவு சில சமயம் இணைப்புக் கோளாறாகவே வந்து நிற்கும். கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் "கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது" என்று வரும். பத்து நிமிடம் கழித்துத் திறக்கும், மறுபடி பூட்டிக்கொள்ளும். புதிதாக நிறுவிய விண்டோஸ் 11இல் (2022ஆம் ஆண்டுப் பதிப்பு முதல்) பத்து தவறான முயற்சிக்குப் பின் கணக்கைப் பத்து நிமிடம் பூட்டும் ஏற்பாடு இயல்பாகவே உண்டு. தவறான முயற்சிகளைச் செய்தது நீங்கள் இல்லையென்றால் வேறு யார்? ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதியைத் திறந்து, 4625 என்ற எண்ணுள்ள பதிவுகளைப் பாருங்கள். நிமிடத்துக்கு நாலு வீதம், அட்மின், டெஸ்ட், யூசர் என்று விதவிதமான பெயர்களில், நீங்கள் கேள்விப்படாத ஐபிகளிலிருந்து வரிசையாக இருந்தால், உடனே ரௌட்டரில் அந்த ஃபார்வர்டிங்கை அழித்துவிடுங்கள். உள்ளே யாரோ நுழைந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் சைபர்999 உதவி மையம் இருக்கிறது: 1-300-88-2999.

சரியான வழி, ரௌட்டரிலேயே விபிஎன் அமைப்பது. இன்று கடைகளில் கிடைக்கும் டிபி-லிங்க், அசூஸ் ரௌட்டர்கள் பலவற்றில் ஓபன்விபிஎன் அல்லது வயர்கார்டு உள்ளேயே இருக்கிறது. முதலில் விபிஎன்னில் நுழைந்து, பிறகு கடைக்குள் இருப்பதுபோல 192.168 முகவரியைப் போட்டுத் திறக்க வேண்டும். ஒரு படி கூடுதல்தான்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. முதலாவது, வெளி முகவரி மாறிக்கொண்டே இருப்பது. ரௌட்டரிலேயே டிடிஎன்எஸ் வசதியை இயக்கி ஒரு பெயர் வாங்கிக்கொண்டால், எண் மாறினாலும் பெயர் மாறாது.

இரண்டாவது, சோதிக்கும் இடம். கடைக்குள் உட்கார்ந்துகொண்டு கடையின் வெளி முகவரியைப் போட்டுச் சோதிப்பார்கள், வராது. உள்ளிருந்து போய் வெளி முகவரியைத் தொட்டுத் திரும்பி உள்ளேயே வரும் அழைப்பைப் பல ரௌட்டர்கள் கையாள்வதில்லை. ஒன்றும் கெடவில்லை என்றாலும் கெட்டதுபோல் தெரியும். கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட் ஆக்கி, மடிக்கணினியை அதில் இணைத்துச் சோதியுங்கள். அதுதான் வெளியிலிருந்து பார்ப்பது.

மூன்றாவதில்தான் அதிகம் பேர் திணறுகிறார்கள். விபிஎன் பச்சையாகக் காட்டும், கணினி திறக்காது. வீட்டு ரௌட்டரின் முகவரி 192.168.0.1, கடை ரௌட்டரும் 192.168.0.1. இங்கே விற்கும் டி-லிங்க், டிபி-லிங்க் ரௌட்டர்கள் பலவும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இந்த எண்ணில்தான் வரும். நீங்கள் 192.168.0.105ஐத் தேடினால், மடிக்கணினி அது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பதாக நினைத்துக் கூடத்தில் தேடும். கடை ரௌட்டரின் உள் முகவரியை 192.168.57.1 என்பதுபோல யாரும் வைக்காத ஓர் எண்ணுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் ஒதுக்கி வைத்த கணினி முகவரி, பிரிண்டர் முகவரி, கேமரா முகவரி எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருக்கும். கடை திறந்திருக்கும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள், கல்லாப் பக்கத்திலிருந்து சத்தம் வரும்.

இணைகிறது, ஆனால் வேலை செய்ய முடியவில்லை

உள்ளே நுழைந்ததும் திரை கறுப்பாகவே நிற்கும், அல்லது நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து ஒட்டும். இதற்குப் பெரும்பாலும் வேகம் காரணமல்ல. கணக்கு மென்பொருளைப் பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்புக்குச் சில எம்பி போதும். சீராக வர வேண்டும், அவ்வளவுதான். செம்பனைக்கு நடுவே இருக்கும் வீட்டில் 4ஜி ரௌட்டரை ஹாலின் மூலையிலிருந்து எடுத்து, டவர் இருக்கும் திசையில் உள்ள ஜன்னலுக்கு மாற்றுவது, திட்டத்தை உயர்த்துவதைவிட அதிகம் உதவும்.

ஃபைபரிலும் கறுப்புத் திரை வந்தால் பொட்டல அளவைப் பாருங்கள். யூனிஃபை போன்ற பிபிபிஓஇ இணைப்புகளில் ஒரு பொட்டலம் 1500 பைட் இருக்க முடியாது, 1492தான் உச்சம். பிங் கட்டளையில் எஃப், எல் என்ற இரண்டு தேர்வுகளைச் சேர்த்து 1464 என்ற அளவில் வெளியே ஒரு முகவரிக்கு அனுப்புங்கள். 1464உடன் தலைப்புப் பகுதி 28 சேர்ந்தால் 1492. அது போய், 1472 போகவில்லையென்றால் எல்லாம் முறைப்படி இருக்கிறது. 1464ஏ போகவில்லையென்றால் ரௌட்டரில் எம்டியு அளவு தவறு. வயர்கார்டு இன்னும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும், அதன் எம்டியுவை 1412 என்று வைத்தால் போதும். இதற்கும் சரியாகவில்லையென்றால், அழைக்கும் கணினியின் குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு யுடிபியை அணைக்கும் தேர்வை இயக்கிப் பாருங்கள். யுடிபியைப் பாதியில் விழுங்கிவிடும் வலைகளில் இது பலன் தரும்.

கடையில் இருப்பவர் "கம்ப்யூட்டர் தானா பூட்டிக்கிச்சு" என்று கத்தினால் அது கோளாறு அல்ல. விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். நீங்கள் வீட்டிலிருந்து நுழைந்ததும் அவர் திரை பூட்டிக்கொள்ளும், அவர் திரும்ப நுழைந்தால் நீங்கள் வெளியே. செங்கில் மாசி மகத்துக்குப் போன நாளில் அங்கிருந்தே கணக்கு பார்க்க நினைத்தால், கடையில் நிற்பவரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அவசரத்துக்கு எனிடெஸ்க், டீம்வியூவர் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. நடுவில் நிறுவனத்தின் சர்வர் இருப்பதால் ரௌட்டர் பிரச்சினை எதுவும் இவற்றுக்குக் கிடையாது. ஆனால் முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் அழைத்து, பேங்க் என்றோ போலீஸ் என்றோ சொல்லி எனிடெஸ்க் போடச் சொன்னால், வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 997க்கு அழையுங்கள்.

மின்னலுக்குப் பிறகு

மதியம் கறுத்து மாலையில் இடி இறங்கும் மாதங்களில், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு" என்பதற்குப் பல முறை பொருள், ரௌட்டர் செத்துவிட்டது என்பதுதான். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக இருந்தால் சிக்னல் வரவில்லை, பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும். உங்களால் செய்ய ஒன்றுமில்லை. யூனிஃபை என்றால் 100க்கு அழைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். பெட்டி பச்சையாக இருந்து ரௌட்டர் மட்டும் இருட்டாக இருந்தால் புது ரௌட்டர் வாங்க வேண்டியதுதான். சொந்தமாக வாங்கினால் யூனிஃபைக்கு இரண்டு விஷயம் வேண்டும்: பிபிபிஓஇ பெயரும் கடவுச்சொல்லும், விலான் 500 என்ற அமைப்பும். டிபி-லிங்க் ரௌட்டர்கள் பலவற்றில் யூனிஃபை என்ற பெயரிலேயே தேர்வு இருக்கும், அதை அழுத்தினால் விலானை அதுவே போட்டுக்கொள்ளும்.

அதன்பின் இணையம் வந்துவிடும், ரிமோட் மட்டும் வராது. ஒதுக்கி வைத்த முகவரி, விபிஎன், டிடிஎன்எஸ் பெயர், 192.168.57.1 எல்லாம் பழைய ரௌட்டரோடு போய்விட்டன. எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளிலேயே ரௌட்டரின் சிஸ்டம் பக்கத்துக்குப் போய் பேக்கப் கோப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் அதே மாடலில்தான் ஏறும். வேறு மாடல் வாங்க நேர்ந்தால் கையால் எழுதிய தாள்தான் உதவும்: பிபிபிஓஇ பெயர், உள் முகவரி, கணினியின் மேக் முகவரி, விபிஎன் போர்ட், டிடிஎன்எஸ் பெயர். கடவுச்சொற்களை அதில் எழுதாதீர்கள். தாள் கடையில் இருக்கட்டும். பேக்கப் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டில் வையுங்கள், திறக்காமல் போகப்போகிற அந்தக் கணினிக்குள் வைக்காதீர்கள்.